அகதிகள் இருந்த வீடுகளும் அம்மம்மாவின் வீடும்

(எமது சங்கத்தின் மாசி மாத ஒன்றுகூடலிலே ஆற்றப்பட்ட உரை. அன்று வரமுடியாமற் போன பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பேச்சு வழக்கை அதிகம் மாற்றாமல் இந்தச் சித்திரைப் புத்தாண்டு மலரிலே தருகின்றோம்.)



மேடை எனக்குப் புதிது. ஏ.எல். படிக்கேக்கை தமிழ்த் தினப் போட்டியிலே ஒருக்காப் பேசினனான். அதிலும் பாதியிலே மறந்துபோய் நின்றனான். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் மைக்கைத் தொடுகிறேன். பொங்கலன்று இந்த மண்டபத்துக் குசினியிலே மரக்கறி வெட்டிக்கொண்டு நான் பழைய வீடுகளைப் பற்றி ஏதோ கதைக்க, பக்கத்திலே நின்ற செயலாளர் அண்ணை, "தங்கச்சி, இதை மாசிக் கூட்டத்திலை சொல்லுங்கோ" என்று பிடித்துக்கொண்டார். ஆகவே பிழை இருந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

நான் சாண்ட்விச் செய்கிற பக்ரறி ஒன்றிலே வேலை செய்கிறேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். உங்களிலும் நாலைந்து பேர் அங்கே நின்றவர்கள்தான். பெல்ற் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒருவர் பாண் வைப்பார், அடுத்தவர் வெண்ணெய், அடுத்தவர் கோழி. எனக்கு எதிரே பதினொரு வருடமாக நிற்பவர் ஒரு சிலெட் பெண்மணி. ஐம்பது வயது தாண்டியவர். அவையின்ரை பாஷையிலே அக்காவுக்கு "ஆபா" என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். இந்தக் கதைக்குள்ளே என்னை இழுத்து விட்டவர் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்க பிரிக் லேனுக்குப் போவோம் என்று கூட்டிக்கொண்டு போனார். அல்ட்கேற் ஈஸ்ற் நிலையத்திலே இறங்கி நடந்தோம். மீனை வாங்கின பிறகு, "வா, நான் சின்னப்பிள்ளையிலை இருந்த இடத்தைக் காட்டுறன்" என்று ஒரு பக்கத் தெருவுக்குள்ளே கூட்டிப் போனார். உயரமான, ஒடுங்கிய, கறுத்த செங்கல் வீடுகள். மரத்தாலான யன்னல் மூடிகள். சில வீட்டு வாசலுக்கு மேலே நூல் சுற்றுகிற பெரிய மரக்கட்டை ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு வீடும் இப்போது பல மில்லியன் பவுண் பெறும் என்று ஆபா சொன்னபோது நான் நம்பவில்லை. மீன் பையோடு அந்த வாசலிலே நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வீடுகளின் கதையை முதலிலே சொல்கிறேன். பிரான்ஸ் தேசத்திலே புரட்டஸ்தாந்து மதத்தைச் சேர்ந்தவர்களுக்கு ஹியூகனோக்கள் என்று பெயர். 1685ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னன் அவர்களுடைய மத உரிமையைப் பறித்துக் கட்டளை போட்டான். நாட்டை விட்டுப் போகவும் தடை. அப்படியிருந்தும் களவாக வள்ளங்களிலும் வண்டிகளிலும் ஒளித்து ஓடினார்கள். ஏறத்தாழ 50,000 பேர் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பார்கள். "ரெஃபியூஜி" என்று எங்களை இங்கே ஹோம் ஒஃபிசிலே கூப்பிட்டார்களே, அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள்ளே வந்ததே இவர்களோடுதான். இதைக் கேட்ட அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நாங்கள் சுமக்கிற பெயரை எங்களுக்கு முந்நூறு வருடத்துக்கு முதல் வேறு ஆட்கள் சுமந்திருக்கிறார்கள்.

வந்தவர்களிலே பட்டு நெசவாளர் பலர் லண்டன் பட்டின மதிலுக்கு வெளியே, ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் என்ற இடத்திலே குடியேறினார்கள். மதிலுக்கு வெளியே என்றபடியால் பட்டினத்துத் தொழிற் சங்கங்களின் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை, வாடகையும் மலிவு. 1720களிலே அந்தத் தெருக்கள் எழும்பின. நெசவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று பல வீடுகளிலே கூரைக்குக் கீழே ஒரு தட்டு முழுக்க நீள யன்னல் வைத்தார்கள். தெருவிலே நின்று அண்ணாந்து பார்த்தால் இன்றும் தெரியும். ஹியூகனோ அல்லாதவர்களும் இருந்தார்கள். பிரின்ஸ்லெற் தெரு மூலை வீட்டிலே அன்னா மரியா கார்த்வெயிற் என்ற பெண் 1728இலிருந்து இருந்தாள், ஒரு பாதிரியாரின் மகள். பட்டுக்குப் பூ வேலை கீறிக் கொடுப்பது அவள் தொழில். அவள் கீறின படங்கள் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலே இருக்கின்றன. பெண்கள் போய்ப் பாருங்கோ, எங்கள் கூறைச் சீலை முந்தானையெல்லாம் நினைவுக்கு வரும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் பெரிய வீடுகள் முதலாளிமார் வீடுகள். கூலிக்கு நெய்தவன் ஒற்றை அறையிலே கிடந்தான். 1769ஆம் ஆண்டு கூலிச் சண்டை முற்றித் தறிகளிலே இருந்த பட்டை வெட்டினார்கள் என்று இரண்டு நெசவாளரைத் தூக்கிலே போட்டார்கள். கூலியாட்களின் சின்ன வீடுகளிலே மிச்சம் மிகக் குறைவு. நான் பெல்ற்றிலே நிற்கிற ஆள் என்றபடியால் எனக்கு அது கண்ணிலே படுகிறது.

பிறகு பிரான்ஸ் பட்டு இறக்குமதியாகி அந்தத் தொழில் விழுந்தது. வீடுகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். 1881க்குப் பிறகு ருஷ்யாவிலே அடிபட்டு வந்த யூதர்கள் நிறைந்தார்கள். அவர்கள் போக வங்காளிகள் வந்தார்கள். பிரிக் லேனும் ஃபூர்னியே தெருவும் சந்திக்கிற மூலையிலே ஒரு கட்டடம் நிற்கிறது. 1743இலே ஹியூகனோக்கள் கட்டின தேவாலயம். 1819இலே மெதடிஸ்த ஆலயம். 1898இலே யூதர்களின் தொழுகைக்கூடம். 1976இலிருந்து பள்ளிவாசல். சுவர் ஒன்றுதான், கும்பிடுகிற ஆட்கள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேலே சுவரிலே ஒரு சூரிய மணிக்கூடு, அதிலே 1743 என்ற ஆண்டும் நிழலைப் பற்றி லத்தீனிலே இரண்டு சொல்லும் இருக்கின்றன. ஆபாவின் தகப்பனார் அங்கேதான் தொழுகைக்குப் போனவராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1960, 70களிலே அந்த வீடுகளை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. பட்டினத்து வங்கிகளும் கந்தோர்களும் பெருத்துக்கொண்டு வந்தன. பக்கத்திலே இடம் வேண்டும். பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கிற சட்டம் இந்த நாட்டிலே 1947இலிருந்து இருக்கிறது. அப்படியிருந்தும் தெருத் தெருவாக இடிபட்டன. சட்டம் கடதாசியிலே இருக்கும், புல்டோசர் வாசலிலே நிற்கும். இது எங்களுக்குத் தெரியாத சங்கதியா?

1977இலே எல்டர் தெருவிலே 5ஆம், 7ஆம் இலக்க வீடுகளை இடிக்கத் தொடங்கியாகிவிட்டது. அப்போது கட்டடக் கலை வரலாறு படித்த கொஞ்சப் பேர், பத்திரிகையாளர் சிலர், வேலை முடிந்தபடி நித்திரைப் பைகளோடு வந்து வீட்டுக்குள்ளே புகுந்து குடியிருந்துவிட்டார்கள். பின்னாளிலே ரெலிவிஷனிலே பெயரெடுத்த டான் குறூக்ஷாங்க் அதிலே ஒருவர். மார்க் ஜிறுவார்ட் என்ற வரலாற்றாசிரியர் தலைவர். ஜோன் பெற்ஜமன் என்ற அரச கவிஞர் வந்து ஆதரவு சொன்னார். கூரை பிரித்த வீட்டிலே படுத்துக் கிடந்தபடியால் இடிக்க வந்தவர்களாலே ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியிலே உரிமையாளர் இறங்கி வந்தார்கள், வீடுகள் தப்பின. அப்படித் தொடங்கியதுதான் ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் றஸ்ற் என்கிற நம்பிக்கை நிதியம். இலாபம் எடுக்காத தாபனம்.

இவர்களுடைய வழி எனக்கு நல்லாப் பிடித்தது. எங்கட ஆட்கள் சீட்டுப் பிடிக்கிற மாதிரித்தான். ஒரு வீட்டை வாங்குவார்கள். முதலிலே கூரை. மழை உள்ளுக்கு வராமல் செய்வார்கள். தண்ணீர் ஓடுகிற பீலியைத் திருத்துவார்கள். அவ்வளவுதான். அலங்காரம் ஒன்றும் இல்லை. பிறகு அதிலே இருந்துகொண்டு மெல்ல மெல்லத் திருத்தக்கூடிய ஓர் ஆளைத் தேடிப் பிடித்து, இன்னின்ன பகுதியை உடைக்கக் கூடாது என்று உறுதியிலே எழுதி விற்பார்கள். அந்தக் காசை எடுத்து அடுத்த வீட்டுக்குப் போவார்கள். பெரிய முதல் இல்லை, ஒரே முதல் சுழலுகிறது. இப்படியே அந்த வட்டாரத்திலே வீடு வீடாகக் காப்பாற்றினார்கள். கென்ற் மாகாணத்து ஷெப்பி தீவிலே, எட்டாம் ஹென்றி மன்னன் 1532இலே வந்து தங்கின ஷேர்லண்ட் ஹோல் என்ற இடிந்த மாளிகையையும் பின்னாளிலே எடுத்துத் திருத்தினார்கள். எல்லாம் வெற்றியுமில்லை. பக்கத்திலே நோர்ற்றன் ஃபோல்கேற் என்ற இடத்தைக் காக்க 2015இலே நூற்றுக்கணக்கானோர் கை கோத்துச் சுற்றி நின்றார்கள். உள்ளூர் கவுன்சிலும் மறுத்தது. ஆனால் லண்டன் மேயர் கட்டலாம் என்று அனுமதி கொடுக்க, நீதிமன்றத்துக்குப் போய் 2016இலே றஸ்ற் தோற்றது.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்ல, ஆபா பெல்ற்றுக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். "வீட்டைக் காப்பாத்தினவை, நல்லதுதான். அதே நேரம் நாங்களும் உப்பிடி வெறும் வீடு ஒண்டை உடைச்சுப் புகுந்துதான் இருந்தனாங்கள். எங்களைப் பார்க்க ஒரு கவிஞரும் வரேல்லை" என்றார். அது உண்மை. 1970களின் நடுவிலே வீடு கிடைக்காத வங்காளிக் குடும்பங்கள் பல அங்கே பூட்டிக் கிடந்த வீடுகளுக்குள்ளே புகுந்து இருந்திருக்கின்றன. வெள்ளைக்காரப் பொடியள் கல்லெறிந்த காலம். 1978 வைகாசியிலே அல்தாப் அலி என்ற இளைஞன் வேலை முடிந்து வீடு போகிற வழியிலே குத்திக் கொல்லப்பட்டான். அவன் பெயரிலே ஒரு பூங்கா இருக்கிறது, அன்றைக்கு மீன் பையோடு அதைக் கடந்துதான் போனோம்.

"அப்ப உங்களுக்குக் கோவமா ஆபா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எலி, ஈரம், கக்கூஸ் முற்றத்திலை. கவுன்சில் பிளாட் கிடைச்ச அண்டைக்கு அம்மா அழுதவ, சந்தோஷத்திலை. அந்த வீட்டை ஆர் காப்பாத்தினால் எங்களுக்கென்ன எண்டுதான் அப்ப நினைச்சனாங்கள். இப்ப அதிலை போய் நிண்டால் அம்மான்ரை குரல் கேக்குது" என்றார். அதற்குப் பிறகு சூப்பவைசர் வந்துவிட்டார், கதை அறுந்துவிட்டது.

நான் ஆபா சொன்னதை இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அகதி கட்டின வீடு தப்பியது, அதிலே இன்றைக்கு ஓர் அகதி ஓர் அறைகூட வாடகைக்கு எடுக்க முடியாது. றஸ்ற் காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் புகுந்து படுக்காவிட்டால் அந்த இடத்திலே இன்றைக்குக் கண்ணாடிக் கந்தோர்தான் நிற்கும், எங்களைப் போல ஆட்கள் இரவிலே அதைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருப்போம்.

அந்த வீடுகளிலே ஒன்றுக்குள்ளே போய்ப் பார்க்கலாம். ஃபோல்கேற் தெரு 18ஆம் இலக்கம். 1979இலே டெனிஸ் செவர்ஸ் என்ற அமெரிக்கர் வாங்கினார். கலிபோர்னியாக்காரர். மெழுகுதிரி வெளிச்சத்திலே, கணப்பு நெருப்பிலே அந்தக் காலத்து ஆள் மாதிரியே இருந்தார். ஜேர்விஸ் என்று ஒரு ஹியூகனோ நெசவாளர் குடும்பத்தைக் கற்பனை பண்ணி, அவர்கள் அந்த வீட்டிலே இருக்கிற மாதிரி அறை அறையாகச் சோடித்தார். 1999இலே அவர் காலமானார். அவர் சாகிறதுக்குக் கொஞ்சம் முதல் றஸ்ற் அந்த வீட்டை வாங்கிக் கொண்டது, இப்போது ரிக்கற் எடுத்துப் பார்க்கலாம். ரிக்கற் விலையைக் கேட்டு எங்கட இவர், "மெழுகுதிரி பார்க்கிறதுக்குக் காசோ? ஊரிலை கரண்ட் இல்லாமல் ஜாம்போத்தல் விளக்கு அஞ்சாறு வருஷம் சும்மா பார்த்தனாங்களே" என்று சொல்லிவிட்டுக் கோப்பிக் கடையிலே இருந்துவிட்டார். நானும் மகளும்தான் போனோம்.

உள்ளே கதைக்கக் கூடாது. கீழ்க் குசினியிலே நெருப்பு எரிகிறது. மேசையிலே பாதி வெட்டின பாண். தேத்தண்ணீர்க் கோப்பை பாதி குடித்தபடி. மேலே படுக்கை மடிக்காமல் கிடக்கிறது, இப்போதுதான் எழும்பிப் போன மாதிரி. பக்கத்து அறையிலே ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்கும், போனால் ஒருவரும் இல்லை. அந்தக் குடும்பம் நாங்கள் வருகிற சத்தம் கேட்டு இந்த நிமிடம்தான் அங்காலை போயிருக்கிறது என்பதுதான் அந்த வீட்டின் விளையாட்டு. மேல் தட்டிலே தொழில் விழுந்த பிறகு வந்த வறுமை. கிழிந்த உடுப்பு கயிற்றிலே காய்கிறது.

மற்ற ஆட்கள் இரசித்துப் பார்த்தார்கள். எனக்குக் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. இங்கே இருக்கிற வலிகாமத்து ஆட்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30. எனக்கு ஏழு வயது. பின்னேரம் ஒலிபெருக்கியிலே சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மம்மா அடுப்பிலே உலை வைத்திருந்தா. அரிசி பாதி வெந்தபடி. பானையை இறக்கி, மூடி, மூடிக்கு மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தா, நாய் உருட்டாமல். "நாளைக்கு வந்து பார்ப்பம்" என்றா. மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தை விடியத்தான் கடந்தோம். அம்மம்மா தென்மராட்சியிலேயே போய்ச் சேர்ந்தா. அடுத்த வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது அந்தப் பானை அப்படியே இருந்தது, மேலே குழவியும். வடக்குப் பக்கக் கூரைதான் இல்லை.

மகள் என்னுடைய கையைப் பிடித்து, "அம்மா, ஏன் அழுறீங்கள், இது சும்மா நடிப்புத்தானே" என்று காதுக்குள்ளே கேட்டாள். வாசலிலே நிற்கிற ஆள் பார்க்கிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மம்மாவின் வீடு நாற்சார் வீடு. நடுவிலே முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், பனைமரச் சிலாகை, ஓட்டுக் கூரை. ஓட்டைப் பிரட்டிப் பார்த்தால் முதுகிலே ஊர்ப் பெயர் அச்சடித்திருக்கும். 1865இலே மங்களூரிலே பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கின பிறகு அந்த மாதிரி ஓடு கப்பலிலே இலங்கைக்கு வந்தது. அம்மம்மாவின் சீதனம், பிறகு அம்மாவின் சீதனம், 2010இலே எனக்கு எழுதின சீதன உறுதி. உறுதி என்னுடைய பெட்டிக்குள்ளே இருக்கிறது, நான் பாண் துண்டு அடுக்கிக்கொண்டு இங்கே இருக்கிறேன். அம்மா முன் அறையிலே தனிய இருக்கிறா. வடக்குப் பக்கத்துக்குத் தகரம் போட்டிருக்கிறது.

போன வருடம் கனடா மாமா வீட்டுப் படம் ஒன்று வட்ஸ்அப்பிலே அனுப்பினார். மேல்மாடி, கொங்கிறீற் பிளாட், நாலு அறை, நாலு குளியலறை. நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லோரும் வந்து நிற்கலாம். காசு தான் தருகிறேன் என்றார். மாமா கெட்டவர் இல்லை. என்னை ஏ.எல். வரைக்கும் படிப்பித்தது அவர் அனுப்பின காசு. "பிள்ளை, அந்த ஓட்டை வீட்டைக் கட்டிப்பிடிச்சு என்ன செய்யப் போறாய்? இடிச்சுப்போட்டுக் கட்டுவம்" என்றார். அண்ணாவும் ஆமாம் போட்டார். கூலி மேசன் வந்து அளந்துகொண்டும் போய்விட்டார். நான் சரி என்று சொல்லிவிடுகிற நிலையிலேதான் இருந்தேன். ஒரு பெண்பிள்ளை தனக்குப் படிப்பித்த தாய்மாமனுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்கிறது?

அந்த நேரத்திலேதான் மெழுகுதிரி வீட்டுக்குப் போனது. ஒரு கிழமை பேசாமல் இருந்துவிட்டு மாமாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"மாமா, ஒரு மாரி தாங்கோ. கூரையை மட்டும் நான் திருத்துறன், என்ரை ஓவர்டைம் காசிலை. மாரி முடியப் பார்த்து, ஒழுகினால் இடியுங்கோ."

அவர் கோவிக்கவில்லை. சிரித்தார். "நீ அம்மம்மான்ரை குணம்" என்றார். "சுவர் எப்பிடி? அதுவும் உதிருதே" என்று கேட்டார்.

சுவர்தான் பெரிய பிரச்சினை. 2003இலே, சமாதான காலத்திலே, நாங்களே நல்லது செய்கிறோம் என்று வெளிச் சுவருக்கு சீமெந்து பூசினோம். இரண்டு வருடத்திலே உட்பக்கம் பச்சையாகி உதிரத் தொடங்கியது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதை இங்கேதான் அறிந்தேன். பழைய கட்டடங்களுக்கென்று இந்த நாட்டிலே 1877இலே வில்லியம் மொறிஸ் என்பவர் தொடங்கின சங்கம் ஒன்று இருக்கிறது. ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் றஸ்ற்றுக்குச் சரியாக நூறு வருடம் மூத்தது. புதுப்பிக்கிறேன் என்று சொல்லிப் பழசைச் சுரண்டி எறிய வேண்டாம், பழுதை மட்டும் நேரத்துக்குத் திருத்துங்கள் என்பது அவர்கள் கொள்கை. அவர்களிடம் இலவசமாக ஆலோசனை கேட்க ஒரு ரெலிபோன் வசதி உண்டு. என்னுடைய ஆங்கிலத்திலே கேட்டேன். வீடு இலங்கையிலே என்றும் சொன்னேன். அவர்கள் ஓர் அந்தரமும் காட்டாமல் விளங்கப்படுத்தினார்கள். சுண்ணாம்புச் சாந்தாலே கட்டின சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயிலுக்கு வெளியே விடும். அதுக்கு மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுக் கல்லைத் தின்னும். சீமெந்தைத் தட்டிக் கழற்றிச் சுண்ணாம்பே பூச வேண்டும். பழைய வீட்டிலே மருந்து பூசுகிறதுக்கு முதல் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பக்ரறியிலே எங்களுக்குச் சொல்லித் தருகிறதும் அதுதான். பெல்ற் அறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்காதே, கீச்சிடத் தொடங்கவே மெக்கானிக்கைக் கூப்பிடு.

அம்மாவுக்குச் சொன்னபோது, "இதைக் கேக்கிறதுக்கு லண்டனுக்கோ போனனி? ஐயா ஒவ்வொரு சித்திரைக்கும் சுண்ணாம்பு அடிக்கிறவர்தானே" என்றா. அடுத்த ஊரிலே ஒரு வயதுபோன மேசனார் சுண்ணாம்பு நீற்றிப் பூசத் தெரிந்தவர் என்று விசாரித்து வைத்திருக்கிறா. அவரோடு நிற்க ஒரு பொடியனும் வரவில்லையாம். வெளிநாட்டுக் காசுக்குக் கொங்கிறீற் கட்டுகிற இடத்திலே கூலி அதிகம்.

இங்கே ஒன்றைக் கோபமாகவே சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கோ. நூல் நிலையம் எரிந்ததை நாங்கள் வருடா வருடம் நினைக்கிறோம், நினைக்க வேண்டும். ஷெல்லும் குண்டும் எத்தனையோ வீட்டைத் தின்றன. ஆனால் 2009க்குப் பிறகு எங்கள் ஒழுங்கையிலே மட்டும் மூன்று நாற்சார் வீடு போனது. ஒன்றும் ஷெல் விழுந்து போகவில்லை. இலண்டன் காசும் கனடாக் காசும் போய் இடித்தது. தூணை விறகுக்கு விற்றார்கள். கட்டின மேல்மாடிக்குள்ளே இரண்டிலே பூட்டுத்தான் தொங்குகிறது, வருடத்திலே பதினைந்து நாள்தான் திறக்கிறது. எனக்கும் அதைச் சொல்லிக் குற்றம் பிடிக்க உரிமை குறைவு. நானும் அங்கே இல்லையே.

ஆர் இருக்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். மாமாவும் அதைத்தான் கேட்டார். எனக்கு மறுமொழி இல்லை. அம்மாவுக்குப் பிறகு ஒரு குடும்பத்தை வாடகை இல்லாமல் இருத்தலாம், ஒழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனையோடு. ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸிலே உறுதியிலே எழுதின மாதிரி. எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் வாடகை வீட்டிலே இருக்கிற, திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஆபா சொன்னது அந்த இடத்திலேதான் எனக்கு உதவியது. வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று மெழுகுதிரி வைத்துக் காட்சிக்கு விடுகிற எண்ணம் எனக்கு இல்லை. கக்கூஸ் உள்ளுக்குக் கட்டத்தான் வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் ஏலாது.

கூரை வேலை சித்திரை கழியத் தொடங்கும். கொஞ்சம் சிலாகையைக் கறையான் தின்றிருக்கிறது, பனை எடுக்கலாம் என்று ஓடாவியார் சொல்லியிருக்கிறார். வடக்குப் பக்கத்துக்கு ஏறத்தாழ 900 ஓடு வேண்டும். புது ஓடு பழசோடு பொருந்தவில்லை, கொளுவுகிற இடம் மாறி நிற்கிறது. ஆகவே இந்தச் சபையிலே கேட்கிறேன். உங்களிலே ஆராவது ஊரிலே பழைய வீட்டை இடிக்கிற யோசனையிலே இருந்தால், அல்லது இடித்த வீட்டு ஓடு வளவிலே அடுக்கிக் கிடந்தால், தேத்தண்ணீர் நேரத்திலே என்னிடம் சொல்லுங்கோ. ஓட்டின் அளவும் முதுகிலே இருக்கிற அச்சும் எழுதின துண்டு கையிலே வைத்திருக்கிறேன். நியாயமான விலை தருவேன். இடிக்கிறதுக்கு முதலே சொன்னால் இன்னும் நல்லது, ஒருக்கா இருந்து கதைக்கலாம்.